நாத்தக்காரர்கள் பெயரை மாற்றலாமா

1

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து பிறந்தது. அந்த நாற்றத்தை நான் ஒருநாளும் முகர்ந்ததில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பிராக்கன்ஷா ஊருக்குக் குடிவருவதற்கு முன்பே எலும்பு காய்ச்சிக் கோந்து எடுத்த ஆலையை இடித்து, அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டிவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் கால்பந்து அணியின் பட்டப்பெயர்: நாத்தக்காரர்கள்.*

*வெளியூர் ரசிகர்கள் வைத்த வசைப்பெயர். அவர்களிடமிருந்து பிடுங்கி நாங்களே சட்டையில் அச்சடித்துக்கொண்டோம். ('நாங்கள்' என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்த அந்தச் சனிக்கிழமை, டோரீன் ஹெப்வொர்த் தன்—'

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் மழையில் தொடங்காத கதை எது?

நேராகவே வருகிறேன். கிளப்பை வாங்கிய புது முதலாளிக்குப் பட்டப்பெயர் பிடிக்கவில்லை. 'பருந்துகள்' என்று மாற்ற வேண்டுமாம். ரசிகர் சங்கம் சம்மதித்தால்தான் மாற்றலாம். (கதைக்காக நான் போட்ட விதி இது, விட்டுவிடுங்கள்.) கூட்டத்தில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. இனி சங்கத் தலைவி டோரீன் சொல்வதுதான் முடிவு.

அவருடைய அப்பா அந்த ஆலையில் எலும்பு வேகும் கொப்பரையைக் கிளறியவர். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? டோரீன் எழுந்து பெயரைக் காப்பாற்றுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும் என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன்.

3

ஆனால் டோரீன் நான் சொன்னபடி கேட்கவில்லை. டீ குடிக்க இடைவேளை விட்டுவிட்டார். மைதானத்தில் மேளம் அடிக்கிற கிரெய்க் லம் அவரிடம் போனான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு டோரீன்? அது உங்கப்பாவோட வேர்வை."

"எங்கப்பா வேர்வை எப்படி நாறும்னு ஒனக்குத் தெரியுமா?"

"பெருமையாத்தானே சொல்லிக்கிறோம்."

"மேட்ச் முடிஞ்சதும் நீ சட்டையக் கழட்டி மிஷின்ல போட்டுடுவ. எங்களால அதக் கழட்ட முடியல ராசா."

"அதுக்காகப் பருந்தா? இந்த ஊர்ல புறாவத் தவிர என்ன பறக்குது?"

டோரீன் சிரித்துவிட்டார். "பருந்தும் கேவலமாத்தான் இருக்கு."

(எங்கள் அணி களமிறங்கும்போது எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்போம். அதுதான் எங்கள் வரவேற்பு. டோரீன் மட்டும் கையை மடியிலேயே வைத்திருப்பார். மூட்டுவலி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.)

4

முடிவு அ: பெயர் நிலைக்கிறது. கிரெய்க் மேளம் அடிக்கிறான். டோரீன் தனியாக வீட்டுக்கு நடக்கிறார்.

முடிவு ஆ: பெயர் மாறுகிறது. மறுநாள் ரொட்டிக்கடையில் பாதி ஊர் அவரோடு பேசாமல்—

இரண்டும் எனக்குத் திருப்தியில்லை. அவரிடமே கேட்டேன்.

"என்ன சொல்லப்போறீங்க?"

"பக்கத்து ஊர் ஸ்கூலுக்குப் பஸ்ல போவேன். அப்பாவோட ஆலை வாடை எல்லாம் எந்துணியில இருக்கும். எம்பக்கத்து சீட்டு காலியாவே வரும். புள்ளைங்க நின்னுக்கிட்டு வருவாங்க, ஒக்கார மாட்டாங்க. ஒருநாள் அப்பா அதப் பாத்துட்டாரு. அதுக்கப்புறம் தெருவுல எங்கூட நடக்கவே மாட்டாரு. எதிர்ப் பக்கமாத்தான் வருவாரு."

முடிவு ஆ பக்கம் பேனாவைக் கொண்டுபோனேன்.

"அப்ப மாத்திடலாம்னு சொல்றீங்களா?"

"சனிக்கிழமை மைதானத்துல மட்டும் எம்பக்கத்துல நிப்பாரு. அங்க எல்லாருக்கும் ஒரே வாடை. அதுல யாரு யாரக் கண்டுபிடிக்கிறது?"

டீ முடிந்து எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். டோரீன் எழுந்து நிற்கிறார். கூட்டம் அவரையே பார்க்கிறது. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, அந்த ஓட்டு இனி உங்கள் கையில். போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அந்தப் பஸ்ஸில் நீங்கள் ஏறியிருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா?

நான் நின்றுகொண்டுதான் வந்திருப்பேன்.