அவங்களை விட்டுடு, நான் இருக்கறேன்

அந்தப் படத்தின் வில்லனுக்கு ஒரு கண் கிடையாது. முதல் ரீலில் இடது கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். பஸ்ஸோடு ஆட்களைக் கடத்திக்கொண்டு பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது துணி வலது கண்ணுக்கு மாறியிருந்தது. மல்லசமுத்திரத்தில் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் இதை முதலில் கண்டுபிடித்தவள், பெண்கள் பக்க வாசலில் டிக்கெட் கிழிக்கும் ராமாயி.

"ஏன் பாப்பாயி, குருடு எடம் மாறுமாடி?"

"பஸ்ஸுல வந்த அலுப்புல துணிய மாத்திக் கட்டிப்புட்டானாட்டம் இருக்குதக்கா," என்றாள் வேகவைத்த கடலை விற்கும் பாப்பாயி.

மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பணம் போட்டவனுக்குக் கை சுருங்கின படம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பிடித்து வைத்தவர்களைக் கன்றுக்குட்டி கட்டுகிற கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒருத்தி மூக்கு அரித்தபோது கையை எடுத்துச் சொறிந்துவிட்டு மறுபடி கட்டுக்குள் விட்டுக்கொண்டாள். துப்பாக்கியில் புகை வந்து, அது கலைந்த பிறகு சத்தம் வந்தது. தடியன் ஒருவன் மாடியில் செத்து, கிணற்றடியில் செத்து, ஜீப்புக்குக் கீழேயும் ஒருதரம் செத்தான். அணையை உடைக்கப்போகிறேன் என்று வில்லன் காட்டியது ஏதோ ஏரி மதகு.

"பனமரத்துப்பட்டி ஏரி மதகாட்டம் இருக்குது. இதுக்கு வெடிகுண்டு வேறயா? எங்க மாமன் ஒரு கடப்பாறை கொண்டாந்தாப் போதும்," என்றாள் பாப்பாயி.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. கொட்டகை முதலாளி கந்தப்பனுக்கே அது விளங்கவில்லை.

"நல்ல கதைப்படம் போட்டா ஈ ஓட்டறேன் ராமாயி. இந்தக் கண்றாவிக்கு வண்டி கட்டிட்டு வாராங்க. என்னத்தக் கண்டாங்க இதுல?"

"நல்ல படத்துல யாராச்சும் செத்துப் போயிர்றாங்க முதலாளி. இதுல பிடிச்சு வெச்ச அத்தனை பேரும் பத்திரமா ஊடு போய்ச் சேந்தர்றாங்க. சிரிச்சுக்கிட்டே பயந்துக்கலாம்."

அவளுக்கும் அந்த மாதிரிப் படங்கள்தான் உசிர். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே வசனம் வரும். வில்லன் பிடிபட்டவர்கள் தலையில் துப்பாக்கியை வைப்பான். கதாநாயகன் தன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "அவங்களை விட்டுடு. அவங்களுக்குப் பதிலா நான் இருக்கறேன்," என்பான். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும்.

அவள் மகன் சின்னண்ணன் இந்தக் கொட்டகை மணலில் தூங்கி வளர்ந்தவன். சின்ன வயதில், அவள் கறிக்குக் கோழி பிடிக்கப் போனால் குறுக்கே வந்து நிற்பான். "அதை விட்டுடு. அதுக்குப் பதிலா நான் இருக்கறேன்." அவள், "உன்னைக் கொழம்பு வெச்சா ஊறப் போட்டாலும் வேகாதுடா," என்பாள். இப்போது அவன் மீசை வைத்த ஆள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ராடு மாட்டும் வேலை. ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வடக்கே போனால் ஆயுத பூஜைக்குத்தான் திரும்புவான்.

படம் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில், மத்தியானத்தில், அதே ரிக்கில் கம்ப்ரசர் ஓட்டுகிற கிறிஸ்துராஜ், சீசன் முடியும் முன்பே ஊர் திரும்பி வந்தான். சேலத்துப் பையன். வாசலில் நின்றவன் உட்காரவில்லை.

"அம்மா, சின்னண்ணன் வரலீங்க."

"வரலீன்னா?"

"மத்தியப் பிரதேசத்துல ஒரு ஊருங்க. போர் போட்டோம், தண்ணி வரல. வெறும் புழுதி. நெலத்துக்காரன் வண்டிக்குக் குறுக்க மாட்டு வண்டிய நிறுத்தீட்டான். தண்ணி காட்டிட்டுப் போங்கன்னான். கையில தடியோட ஆளுங்க. அப்பறம் பேசிப் பேசி, ஒரு ஆள் இங்க இருக்கட்டும், வண்டி போகட்டும்னு ஒத்துக்கிட்டான்."

"என்ற பையனா இருந்தான்?"

"ஆமாங்கம்மா."

"அவன் எதுக்கு? உங்க மேனேஜர் எங்க போனாரு?"

கிறிஸ்துராஜ் தரையைப் பார்த்தான். "மேனேஜர்தாங்க நிக்கறதா இருந்துச்சு. அவரு கையி நடுங்குச்சு. சின்னண்ணன் பாத்தான். முன்னால போனான். நெஞ்சுல கைய வெச்சு, 'அவங்களை விட்டுடு, அவங்களுக்குப் பதிலா நான் இருக்கறேன்'னு சொன்னான்."

ராமாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெகுநாள் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவள் வயிறு எரிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் வந்தது சிரிப்புத்தான். கொஞ்சம் பெருமையும் கூட.

"அவனுக்குத் தமிழ் தெரியுமா, அந்த நெலத்துக்காரனுக்கு?"

"தெரியாதுங்க. நெஞ்சுல கைய வெச்சான் பாருங்க, அதுவே புரிஞ்சுபோச்சு. தொழுவத்துப் பக்கத்துல ஒரு சாளை, குடிசையாட்டம், அதுல கொண்டுபோய் விட்டாங்க. போறப்பத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான்."

"சரி, எப்பக் கூட்டியாரப் போறீங்க?"

"அதை முதலாளியத்தாங்க கேக்கோணும்."

மறுநாள் விடிந்ததும் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். ரிக் முதலாளி சின்னுசாமி மரியாதை தெரிந்த மனிதர். ராடு அடுக்கியிருந்த ஷெட்டில் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

"உங்களுக்கு எங்க தொழில் வழக்கம் தெரியாதுங்க. சண்டை வந்தா ஒரு ஆளை நிறுத்தீட்டு வண்டிய எடுத்துட்டு வாரது உள்ளதுதான். யாரை நிறுத்தறதுன்னு மேனேஜர் சொல்லோணும். இல்லீன்னா மேனேஜரே நிக்கோணும். பாஷை தெரிஞ்ச ஆளு, நாலு எடம் பேசிப் பழகின ஆளு. அப்படி நின்ன ஆளை மீட்டுக் கொண்டாரது என்ற பொறுப்பு. இன்னிவரைக்கும் ஒருத்தனையும் விட்டதில்ல."

"அப்ப என்ற பையனையும் கொண்டாந்தர்றீங்க."

சின்னுசாமி காப்பி டம்ளரைத் திண்டின் மேல் வைத்தார்.

"உங்க பையனை நாங்க நிறுத்தலீங்களே. அவனா நின்னான்."

"மேனேஜரைக் காப்பாத்தத்தானுங்க நின்னான்."

"இருக்கலாம். ஆரு நிக்கச் சொன்னது? மேனேஜர் நின்னிருந்தா ரெண்டு நாள்ல பேசி, சமாதானம் பண்ணி, பஸ் ஏறியிருப்பான். இவனுக்கு அந்தப் பாஷையில தண்ணி கேக்கவும் தெரியாது. ஊமையாட்டம் நிக்கறவன்கிட்ட எவன் சமாதானம் பேசுவான்? மறுபடி வண்டி வந்து தண்ணி காட்டினாத்தான் விடுவேங்கறான். அந்தப் பாறையில பாதாளத்துக்குப் போனாலும் புழுதிதான். வண்டி போனா வண்டியவும் பிடிச்சுக்குவான். வண்டிய நம்பி எத்தனை குடும்பம் இருக்குது, சொல்லுங்க."

ராமாயி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"அப்ப நான் போறனுங்க. அவனை விட்டரச் சொல்லுங்க. அவனுக்குப் பதிலா நான் இருக்கறேன்."

ராடு துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான். "படத்துல வர்றாப்பலயே சொல்லுதுங்க அம்மா."

"சிரிக்காதடா," என்றார் சின்னுசாமி. அவர் வாயோரமும் சற்றே துடித்தது. "உங்களை வெச்சுக்கிட்டு அவன் என்னங்க பண்ணுவான்? சீசன் முடியட்டும். ஆளை அனுப்பிப் பாக்கறேன்."

அவள் போலீசுக்கும் போனாள். எந்த ஊர் என்று கேட்டார்கள். கிறிஸ்துராஜ் சொல்லிக்கொடுத்த பேரை அவள் சொல்ல, ஒவ்வொரு தரமும் அது ஒவ்வொரு ஊராக வந்தது.

சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு வாசலில் நின்றாக வேண்டும். அன்றைக்கும் கதாநாயகன் துப்பாக்கியைக் கீழே போட்டான். நெஞ்சில் கை வைத்தான்.

"சொல்லாத சாமி," என்றாள் ராமாயி. சத்தமாகவே வந்துவிட்டது. "உன்னை உட்டுட்டு அவுங்க பாட்டுக்குப் போயிருவாங்க."

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்து உருண்டது. ராமாயி இப்படித்தான் திரையோடு வாயாடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வாய்க்காகவே கிழக்குத் தெருவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. சிரிக்காதவள் பாப்பாயி ஒருத்திதான். கடலைக் கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்து ராமாயியின் கையைப் பிடித்தாள். மறுநாள் கிழக்குத் தெருச் செல்லியம்மாள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலை ஒட்டி இடம் பிடித்தாள். "ராமாயக்கா, நேத்துச் சொன்னதை இன்னிக்கும் சொல்லுங்க. இவ கேக்கோணுங்கறா."

ராமாயி கந்தப்பனிடம் போனாள்.

"படத்தை மாத்திருங்க முதலாளி."

"கூட்டம் வாரப்ப எவனாச்சும் மாத்துவானா ராமாயி?"

"அப்ப அந்த ஒரு எடத்தை மட்டும் வெட்டிப் போடுங்க."

கந்தப்பன் நல்ல மனுஷன். விஷயம் அவருக்கும் தெரியும். ஆபரேட்டரைக் கூப்பிட்டு அந்தத் துண்டை வெட்டி எடுத்து வைக்கச் சொன்னார். அன்றைய ஆட்டத்தில் கதாநாயகன் சன்னல் வழியாகக் குதித்தான். அடுத்த கணம், ஏன் எதற்கென்று இல்லாமல், கட்டுண்டு கிடந்தான். ஆண்கள் பக்கம் மண்ணை வாரி இறைத்தார்கள். "எங்கடா எங்க வசனம்?" என்று தட்டியை அசைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்தும், "அதுக்குத்தான வந்தோம்," என்று குரல் வந்தது. மறு ஆட்டத்தில் துண்டு ஒட்டப்பட்டுவிட்டது.

"நானென்ன பண்ணட்டும்? அதை எடுத்தா அதுல வேற என்ன இருக்குது?" என்றார் கந்தப்பன்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அவள்.

ஆயுத பூஜைக்கு ரிக் வண்டிகள் ஊர் திரும்பின. கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிச் சின்னுசாமியின் ஷெட் முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ராமாயி வண்டி வண்டியாகப் போய் எட்டிப் பார்த்தாள். சின்னுசாமியே எதிரே வந்து நின்றார். காப்பி எதுவும் சொல்லவில்லை.

"ஆளை அனுப்பினேனுங்க. சாளை காலியாக் கெடக்குதாம். அப்படி ஒருத்தன் இங்க இல்லவே இல்லீங்கறானாம் நெலத்துக்காரன். பக்கத்துல கேட்டா, எப்பவோ போயிட்டான்னு சொன்னாங்களாம்."

"போனவன் ஊட்டுக்கு வரோணுமுல்லங்க?"

"வரோணும்."

"வரலியே."

"வருவானுங்க. இருங்க பாக்கலாம்," என்றார். சொல்லிவிட்டு, பூசணிக்காய் உடைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. கேட்கிற ஊரும் தெரியாது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாதவளுக்கு அழுவதற்கு என்ன உரிமை என்று அவள் அழவும் இல்லை. சோறு வடிக்கும்போது இரண்டு பேருக்கு அரிசி போட்டாள். மீந்ததை நாய்க்கு வைத்தாள். கொட்டகைக்கு வேறு படம் வந்தது. அதில் கடத்தியது ஒரு பள்ளிக்கூட வண்டியை. வசனம் வந்த இடத்தில் அவள் வெளியே போய் நின்றுகொண்டாள். விசில் சத்தம் வெளியிலும் கேட்டது.

தைப் பொங்கல் கழிந்து கிறிஸ்துராஜ் மறுபடி வடக்கே கிளம்பினான். ரிக் வண்டி சேலம் ரோட்டில் டீசல் போட நின்றிருந்தது. அவன் இறங்கி அவளைத் தேடி வந்தான்.

"அம்மா, போயிட்டு வாரனுங்க. அந்தப் பக்கம் போனா நானே விசாரிக்கறேன்."

"விசாரி சாமி." அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆனா எங்காச்சும் சண்டை வந்து, யாரு நிக்கறதுன்னு கேட்டாங்கன்னா, நீ கீழ குனிஞ்சுக்க. மேனேஜர் நிக்கட்டும். அவரு கை நடுங்கினா நடுங்கட்டும்."

"சரிங்கம்மா."

"எல்லாரும் உன்னையே பாப்பாங்க. பாத்தாப் பாக்கட்டும். பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்க. சொன்னாச் சொல்லட்டும்."

அவன் தலையாட்டினான்.

"தலையாட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

டிரைவர் ஹாரன் அடித்தான். கிறிஸ்துராஜ் வண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பயந்துக்கறேனுங்கம்மா," என்றான்.