டைனமோச் சூரியன்

போராளிகள் கையில் இருந்த கரடியனாற்றுப் பக்கம் பற்றரி கொண்டுபோகத் தடை. பற்றரியாகப் போவது குண்டாகத் திரும்பி வரும் என்பது ஆமியின் கணக்கு. ஆனாலும் கல்விக் கந்தோர் அதிகாரி வினாயகமூர்த்தி சேர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

"டவுன் கண்காட்சிக்குக் கொண்டுவாற மாதிரியில சூரியன் எரியவேணும். எரியாத சூரியனை நான் ஏற்கமாட்டன்."

தன்னிடம் ஒப்புதல் வாங்கித்தான் சூரியன் உதிக்கிறது என்ற நினைப்பு மனுசனுக்கு.

கோணாமலை மாஸ்டர் தன் சைக்கிள் டைனமோவைக் கழற்றிக் கைப்பிடியோடு ஒரு பெட்டியில் பூட்டினார். கைப்பிடியைச் சுற்றினால் நடுவில் பல்ப் எரியும். கம்பியில் குத்திய ஒன்பது கோள்களும் அதைச் சுற்றிவரும். வியாழனுக்கு விளாங்காய், பூமிக்கு நீலம் பூசிய புன்னங்காய். அவருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானத்தில் எது மினுங்கினாலும் ஆமி பரசூட்டில் எரியவிடும் பரா லைற்தான். கண்டதும் ஷெல் வரும் என்று பங்கருக்குள் பாய்வார்கள். வெள்ளியும் செவ்வாயும் ஒருவரையும் ஒன்றும் செய்யாது என்று காட்டத்தான் அவர் இவ்வளவு பாடுபட்டார்.

"என்ட யோசனை," என்று டவுனுக்குப் போன பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் சேர்.

செங்கலடி ஆமிச் சென்றியில் வழக்கம்போல எல்லாரும் சோதனைக்கு இறங்கி, அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டரின் பெட்டியைத் திறந்தால் வயர், கம்பி, உருண்டைகள். துவக்குகள் நிமிர்ந்தன. வரிசை பின்வாங்கியது, பின்வாங்குவதில் சேர்தான் முன்னுக்கு நின்றார்.

"மாஸ்டர், இது என்ன?" ஆமிப் பெரியவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"சூரிய குடும்பம், மாத்தயா. பிள்ளையளுக்குப் படிப்பிக்க."

"குடும்பமா? சுத்திக் காட்டு."

வெடிக்காது என்று தெரிந்தும் கோணாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். சுற்றினார். சூரியன் எரிந்தது. புன்னங்காய் தள்ளாடித் தள்ளாடி வலம்வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் சிரித்தே விட்டான்.

பெரியவன் சிரிக்கவில்லை. குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தான்.

"பற்றரி எங்க?"

"இல்ல, மாத்தயா. தடைதானே. டைனமோவில..."

"பற்றரி இல்லாமலே எரிக்கிறாய்." அவன் குரல் தாழ்ந்தது. "கெட்டிக்காரன். இன்னும் என்னவெல்லாம் செய்யத் தெரியும்?"

பற்றரி இருந்திருந்தால் வெறும் கடத்தல். இல்லாமல் போனது அதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. கோணாமலை திரும்பினார்.

"சேர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஆர்ட யோசனை இது?" பெரியவன் சேரைப் பார்த்துக் கேட்டான்.

தன் சேவைக் காலத்தில் ஒருவருடைய உழைப்புக்கும் பேர் கொடுத்தறியாத வினாயகமூர்த்தி சேர், அன்றைக்கு வஞ்சகமில்லாமல் அள்ளிக் கொடுத்தார்.

"முழுக்க முழுக்க இவர்ட யோசனைதான். நான் இப்பதான் பாக்கிறன்."

சேரை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. கோணாமலையை மண்மூட்டைகளுக்குப் பின்னால் நடக்கச் சொன்னார்கள். பெட்டியையும் அவரே தூக்கவேண்டியிருந்தது. அதைத் தொட வேறு ஒருவருக்கும் துணிவில்லை.