ஆகஸ்டுக்கு ஓர் இடம்

மார்சி மடிக்கணினியைக் கட்டிலோடு சேர்ந்த சாப்பாட்டுப் பலகையின் மேல் வைத்து, திரையை அம்மாவின் முகத்துக்கு நேராகச் சாய்த்தாள். பலகையில் நேற்று இரவு கொடுத்த ஆப்பிள் கூழ் தொடப்படாமல் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

"தெரியுதாம்மா?"

அம்மா அர்லீன் கண்ணைப் பாதி திறந்தாள். "கண்ணாடி."

மார்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். முகம் வற்றிப்போனதில் அது வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

"கீத் எங்க?" அம்மா மகனைத் தேடினாள்.

"டுலூத்லதான் இருக்கான். அங்க நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. அலாரம் வச்சு எழுந்து ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். பனி வாரற வண்டி ரோட்டுல போனதும் கிளம்பிடுவானாம்."

"அவன் பொண்டாட்டி எதையும் தொட வேண்டாம்னு சொல்லு. போன வருஷம் எட்டு அடிக்கறதுக்கு முன்னாடியே அமுக்கி, நம்மளைக் கடைசியில கொண்டுபோய் நிறுத்திட்டா."

அதைச் சொல்லி முடிக்க அம்மா மூன்று முறை மூச்சு வாங்கினாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

ஏரிக்கரை ஸ்டேட் பார்க்கில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை நிறுத்தும் இடங்களை ஆறு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கு இணையத்தில் திறக்கும். ஏரிக்கரை இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தக் காலையில் குடும்பம் முழுக்க ஆளுக்கொரு திரையைப் பிடித்துக்கொண்டு உட்காரும். தளபதி அம்மா. அப்பா வெண்டெல்லுக்குக் காபி போடும் வேலை மட்டும்தான். அவரிடம் கணினியைக் கொடுத்தால் அது அணைந்துவிடும் என்பது அம்மாவின் கட்சி.

நேற்று வந்த நர்ஸ் ரோண்டா போர்வையை விலக்கி அம்மாவின் பாதங்களைப் பார்த்துவிட்டு, மார்சியைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். "இன்னிக்கோ நாளைக்கோ. வர வேண்டியவங்களை வரச் சொல்லிடு" என்றாள். அதற்குப் பிறகும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாளைக் காலை கணினியைக் கொண்டுவந்து வைப்பாயா?

அப்பா காபியோடு வந்தார். சாஸரில் ஏலக்காய் ரொட்டித் துண்டு. ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடியை அடைத்தாற்போல ஆர்.வி. நின்றது. எப்போதும் குளிர்காலத்தில் அது கொட்டகைக்குப் போய்விடும். இந்த முறை அம்மாவின் கட்டில் முன்னறைக்கு வந்ததும், அப்பா வண்டியை வீட்டோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். பனி விழும்போதெல்லாம் ஏணி போட்டு ஏறி அதன் கூரையைப் பெருக்கினார்.

"வெண்டெல்."

"இருக்கேன்."

"வண்டியை எல்ராய்க்குக் கொடுக்கப் போறியாமே."

அப்பா கோப்பையை மறு கைக்கு மாற்றினார். எல்ராய் தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரர். போன வாரம் அவர் வாசலில் நின்று பேசிப் போனது அம்மா காதில் விழுந்திருக்கிறது.

"வந்து பார்க்கட்டும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"ஆகஸ்ட்ல ஏரிக்குப் போவியா மாட்டியா, அதைச் சொல்லு."

"நீ இல்லாம அங்க போய் என்ன பண்றது? கொசுவுக்குச் சாப்பாடு போடவா?"

"நான் இருக்கும்போதும் அதைத்தான் பண்ணிட்டிருந்தே."

மார்சி சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு ஆகஸ்டும் அவர்கள் பிடிக்கும் இடம் தண்ணீரை ஒட்டி இருந்தது. சாய்ந்த பிர்ச் மரம் ஒன்று அடையாளம். மார்சிக்கும் கீத்துக்கும் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள பரணில் படுக்கை. விடியும்போது கீழே பன்றிக்கறி வறுபடும் வாசனையும், ஈரத் துண்டுகளின் வாடையும், ஏரியில் லூன் பறவையின் கூப்பாடும் ஒன்றாக மேலே வரும். மழை நாட்களில் நாலு பேரும் முழங்கால் இடிக்கச் சீட்டாடுவார்கள். அம்மா வெட்கமே இல்லாமல் ஏமாற்றுவாள். ஒரு வருஷம் பெரிய பாலத்துக்குத் தெற்கே, மாநிலத்தின் அந்தப் பாதியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அம்மா அன்று சாயங்காலம் ஏலக்காய் ரொட்டியைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனாள். வெகு அன்பாகப் பேசினாள். பேச்சோடு பேச்சாக, கரடி தண்ணீர் குடிக்க இந்த வழியாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் மதியத்துக்குள் அவர்கள் வேறு இடத்துக்கு மாறிப் போயிருந்தார்கள்.

"கரடியே வராதேம்மா" என்று மார்சி அப்போது கேட்டாள்.

"வராதுன்னு நீ அதுகிட்ட கேட்டியா?" என்றாள் அம்மா.

ஃபோன் ஒலித்தது. மார்சி அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். "ரெடி" என்றான் கீத். "அம்மாவும் ரெடியா?"

"ரெடிதான்."

அம்மாவின் விரல்கள் போர்வைமேல் லேசாக அசைந்தன. எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. அப்பா கோப்பையை வைத்துவிட்டு மார்சியின் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தார். கீத் பின்னோக்கி எண்ணினான். எண்ணி முடித்ததும் மார்சி அமுக்கினாள். திரையில் வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

"எனக்குப் போயிடுச்சு!" கீத் கத்தினான். "வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு வருது!"

"இரு, இரு, எனக்கு இன்னும் சுத்துது."

"எதையும் தொடாத" என்றார் அப்பா. "தொடாத மார்சி, விடு, அதுவா வரும்."

வந்தது. பச்சைக் கட்டம், பிர்ச் மரத்தடி இடம், ஆகஸ்ட் முதல் வாரம் முழுக்க.

"கிடைச்சுடுச்சு!" மார்சி கூவினாள். அப்பா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். ஃபோனில் கீத்தும் அவன் மனைவியும் ஒருசேரக் கத்தினார்கள். "தெக்கத்திக்காரங்க மூஞ்சியில கரி!" என்றான் கீத்.

மார்சி திரும்பினாள். அம்மாவின் கண்ணாடியில் பச்சைக் கட்டம் தெரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. அடுத்த மூச்சுக்காக மார்சி காத்திருந்தாள். இந்த ஒரு வாரத்தில் அப்படிக் காத்திருந்து பழகியிருந்தாள். அப்பாவும் காத்திருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஏறி இறங்கியது.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றான் கீத். "என்னைத் திட்டறாங்களா?"

மார்சி அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"மார்சி?"

"கீத்," என்றாள் மார்சி. "மெதுவா கிளம்பி வா. அவசரமில்லை."

பிறகு அவன் கேட்டான்: "நாம கத்தினது கேட்டுச்சா அவங்களுக்கு?"

"தெரியலடா. நாங்க ரெண்டு பேரும் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்."

அப்பா கட்டிலின் அந்தப் பக்கம் போய், அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்களை மூடினார். பிறகு உட்கார நாற்காலி இருப்பதை மறந்தவர்போல நின்றார்.

திரையின் மூலையில் பதிவுக்குக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் மீதியை நிரப்பாவிட்டால் இடம் மறுபடி பொதுவில் போய்விடும். மார்சி மடிக்கணினியின் மூடியில் கை வைத்தாள்.

"மூடாத" என்றார் அப்பா.

"அப்பா, இப்ப எதுக்கு..."

"நேரம் ஓடுதில்ல. முடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். வண்டியின் நீளம் கேட்டது, அவர் சொன்னார். கரன்ட் வேண்டுமா என்று கேட்டது, வேண்டும் என்றார்.

"யார் பேர்லப்பா? எப்பவும் அம்மா பேருதான் இருக்கும்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என் பேரைப் போடு."

ரோண்டா வந்து நாடி பார்த்து, நேரம் குறித்து, இயந்திரத்தை நிறுத்தினாள். வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததை மார்சி மறந்தே போயிருந்தாள். இருவருமாக அம்மாவைத் துடைத்து, நீல ஸ்வெட்டரைப் போட்டுவிட்டார்கள்.

அம்மாவை எடுத்துப்போக அடக்க நிலையத்து வண்டி வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஒரு பக்கம் ஆர்.வி., மறுபக்கம் ஆள் உயரப் பனிக்குவியல். வண்டி வாசல் முனையிலேயே நின்றுவிட்டது. கறுப்புக் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் இறங்கிவந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ரோட்டுலயே நிறுத்திக்கறோம் சார். அங்கிருந்து தூக்கிட்டுப் போயிடலாம்."

"அவ்வளவு தூரம் எதுக்கு?" அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ்லயே வா. இடம் இருக்கு. நான் காட்டறேன்."

மார்சி வாசல் கதவருகே போனாள். ஏரிக்கரையில் எப்போதும் ஆர்.வி.யை ஓட்டியவர் அப்பா. பின்னால் போய் நின்று கை காட்டியது அம்மா. "கண்ணாடியில நான் தெரியலேன்னா நிறுத்திடு" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவாள். அப்பா பின்னால் நின்று மார்சி பார்த்ததில்லை.

அவர் ஆர்.வி.யின் முனையில், ஓட்டுபவனின் கண்ணாடியில் தெரியும்படி விலகி நின்றார். இரண்டு கைகளையும் தூக்கி, வா, வா என்றார். கொஞ்சம் இடது பக்கம். வா. வண்டி பனியை நொறுக்கிக்கொண்டு பின்னோக்கி வந்தது. அப்பா உள்ளங்கையை உயர்த்தினார். அது நின்றது.

இளைஞன் இறங்கி, பின்கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை இழுக்கத் தொடங்கினான். அப்பா கையை இறக்கவில்லை.