கல்லுக்கு அந்தப் பக்கம்

1979 ஐப்பசி ஒன்பது, காலை ஏழே கால். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது.

இராமசுப்பு எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றான். ஊர் உள்ளே நின்றது.

ஒற்றைக்கல்பட்டிக்கு மேற்கே வேறு ஊர் கிடையாது. உழவும் கிடையாது. உடைமரமும் வெடிப்பும்தான். சித்திரையில் கரிசல் மண் ஆள் இறங்கும் அகலத்துக்குப் பிளக்கும். ஆடு தேடிப் போனவர்களில் சிலர் வருவதில்லை. மழை விழுந்து வெடிப்பு மூடும்போது அவர்களில் ஒருவர் இருவர் வருவார்கள். அதே முகம், அதே குரல்.

வந்தது அவர்தானா என்று பார்க்க ஊரில் ஒரே வழி வைத்திருந்தார்கள். கல்லை ஒட்டி இதற்கென்றே உழுதுபோட்ட ஈர உழவில் ஏழு எட்டு எடுத்துவைக்க வேண்டும். கரிசல் மனிதக் காலை விடாது. ஏழாவது எட்டில் காலைத் தூக்க முடியாது. மண் ஒட்டாமல் வந்தால், அது வெடிப்பு அனுப்பியது. பெண்டாட்டி தாலியைக் கல்லின் மேல் கழற்றிவைக்க வேண்டும். ஆண்கள் முள்ளோடு மேற்கே விரட்டுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்படி வந்த சோலைச்சாமியை இரக்கப்பட்டு நடக்கவிடாமலே உள்ளே சேர்த்தார்கள். தை பிறக்கும்போது அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆள் இல்லை.

விடியும்போது இராமசுப்புவை முதலில் பார்த்தவள் அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய்தான். கூழ்க் கும்பாவைக் கல்லின் மேல் வைத்தாள். கை படாமல் பின்னால் நகர்ந்தாள். அவன் எடுத்துக் குடித்தான். முழுக்கக் குடித்தான். வயிறு நிறைந்த மாதிரித் தெரியவில்லை.

இப்போது நாட்டாமை நல்லக்கண்ணு கேட்டார்.

"ஏழு மாசமா எங்கனப்பா இருந்த?"

"மணியாச்சியில. ரயில் ரோட்டுக்கு ஜல்லி அள்ளுனேன்."

"ஒரு கார்டு போடுததுக்கு என்ன?"

"எழுதத் தெரியாதுல்லா."

"எழுதிக்குடுக்க அங்கன ஒருத்தரும் இல்லையாக்கும்." இராமசுப்புவின் தம்பி வேல்சாமி சொன்னான். "கையக் காட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."

இராமசுப்பு கையை விரித்தான். உள்ளங்கை வழவழவென்று இருந்தது.

"ஜல்லி அள்ளுன கையி! நம்ம ஊரு புதுப்பொண்ணு கையி கூட இப்படி இருக்காது," என்றாள் கல்லோரத்து வீட்டுப் பெருமாயி. இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.

"நம்ம செவலைக்கு எந்தக் கொம்பு ஒடிஞ்சது? கேளுங்க, சொல்லுதேன்," என்றான் இராமசுப்பு.

"வேண்டாம். வெடிப்புக்குக் காது உண்டு," என்றான் வேல்சாமி.

வெள்ளைத்தாய் கொழுந்தனைப் பார்த்தாள். அண்ணன் பங்கு நாலு ஏக்கரில் புரட்டாசியிலேயே அவன் பருத்தி ஊன்றிவிட்டான். கேட்டதற்கு, தரிசாகக் கிடக்கலாமா மதினி என்றான். தாலி கல்லுக்குப் போனால் அந்த நிலம் அவனுக்கு. அவளும் நாலு வயசு மகளும் இடைசெவலில் அவள் அண்ணன் வீட்டுத் தொழுவத்துக்கு.

பிறகு தன் புருஷனைப் பார்த்தாள். அவன் ஏழு மாசத்துக்கு அப்புறம் பார்க்கிறவன் மாதிரி அவளைப் பார்க்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் பார்த்தவன் மாதிரிப் பார்த்தான்.

"நட," என்றார் நாட்டாமை.

இராமசுப்பு உழவில் இறங்கினான். ஊர் எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் எண்ணுகிற குரல்கள் குறைந்தன. ஐந்தாவதில் நாட்டாமை மட்டும் எண்ணினார். ஏழு.

திரும்பி வந்து கல்லுக்கு வெளியே நின்றான். கால் கழுவிவிட்டு வந்தவன் கால் போல இருந்தது. நகத்திடுக்கில்கூட மண் இல்லை.

பெருமாயி தாலி வாங்கத் தாம்பாளத்தோடு வெள்ளைத்தாயின் பக்கத்தில் வந்தாள். வேல்சாமி தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டான். வேலை முடிந்தவன் உதறுகிற உதறல்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள்.

"நாந்தான் ஆமணக்கெண்ணெய் தேச்சுவிட்டேன்."

"என்னது?"

"காலம்பர கூழு கொண்டாந்தப்ப. குதிகாலு பூரா பித்தவெடிப்பு. மனசு கேக்கல, தேச்சுவிட்டேன். எண்ணெய்க் கால்ல மண்ணு எப்படி ஒட்டும்?"

"நீ தொட்டத நான் பாக்கலையே ஏட்டி," என்றாள் பெருமாயி.

"நீ மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டு இருந்த. உனக்கு முதுகுலயா கண்ணு?"

"பொய்யி," என்றான் வேல்சாமி. "மதினி பொய் சொல்லுதாவ."

நாட்டாமை அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா அந்தால போயி அவன் காலத் தடவிப் பாருடே. பிசுபிசுப்பு தெரிஞ்சிரும்."

வேல்சாமி கல்வரைக்கும் போனான். அண்ணன் காலைப் பார்த்தான். இராமசுப்பு வலதுகாலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

"நான் எதுக்கு அண்ணாச்சி? வேற யாராச்சும் பாருங்க."

வேறு யாரும் போகவில்லை.

"காலக் கழுவிட்டு மறுபடி நடக்கட்டும்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"ஒரு மழைக்கு ஒரு தடவைதான். அத மாத்துததுக்கு நம்ம யாரு?" நாட்டாமை வெள்ளைத்தாயிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "தாயி, அடுத்த மழை வரைக்கும் இவன் உன் பொறுப்பு. வீட்டுல சின்னப்பிள்ள கிடக்கு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன் வாசலுக்கு வராது. சோலைச்சாமி வீட்டுக்கும் வரல. இப்பவும் எண்ணெய்தான்னு சொல்லுதியா?"

வானம் வெளுத்துக் கிடந்தது. அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"எண்ணெய்தான்," என்றாள்.

கூட்டம் வழிவிட்டது. தேவைக்கு மேல் விலகி வழிவிட்டது. பெருமாயி தன் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

இராமசுப்பு கல்லைத் தாண்டினான். வெள்ளைத்தாய் முன்னால் நடந்தாள். தெருவிலும் சகதிதான். அவள் காலில் எட்டுக்கு எட்டு மண் ஏறியது. ஓரிடத்தில் நின்று சுள்ளியால் வழித்துப் போட்டாள். பின்னால் வருகிற காலுக்குச் சத்தமே இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள் எழுந்து அம்மா என்று கூப்பிட்டாள்.

அவன் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டான்.

"நீ எண்ணெய் தேய்க்கலையே ஏட்டி. என்னைய யாருன்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போற?"