ஜன்னலைச் சாத்திவிட்டு

"அப்பா இன்னைக்கும் ஊமையாத்தான் வரணுமா?" என்று மனைவி கேட்டாள்.

கண்டக்டர் முதலில் போய் ஜன்னலைச் சாத்தினான். பிறகு மாமனாரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண் கட்டை விலக்கிச் சொட்டு மருந்து விட்டு, எரிகிறதா மாமா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய மொழியிலேயே குழைந்தான். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொள்ள மாட்டான். ஜன்னல் மட்டும் சாத்தியிருக்க வேண்டும்.

அந்த ஊரில் இரண்டு மொழி. ஆற்றுக்கு அக்கரையில் தபால் ஆபீஸுக்குப் போன நம்மவர்களை, நம் மொழியில் பேசினார்கள் என்பதற்காக நாள் முழுக்க நிற்க வைத்தார்களாம். அதற்குப் பதிலாக, இக்கரை பஸ்களில் அவர்கள் மொழியில் கேட்டால் வாய் திறப்பதில்லை என்று டிப்போவில் கட்டுப்பாடு போட்டார்கள். யானைக்கும் பானைக்கும் சரியாகப் போய்விட்டதாம். அக்கரையில் எவனோ செய்ததற்கு இக்கரையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள் என்ன பாவம் செய்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிப்போவில் நம் கண்டக்டருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். எவர் கெஞ்சினாலும் திறக்காத வாய் என்று மெச்சிக் கொடுத்தது. அவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள் அந்த மொழிக்காரி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் நம் மொழியை நம்மைவிடச் சுத்தமாகப் பேசினாள், தப்பித்தாள். அவளுடைய அப்பாவுக்கு இந்த வயதில் நாக்கு வளையவில்லை.

அவருக்கு ஒரு கண் எப்போதோ மங்கிவிட்டது. மறு கண்ணில் ஆபரேஷன் ஆகி, கட்டுப் போட்டிருந்தது. இன்று காலையில் தையலைப் பார்க்க வேண்டும், தவறினால் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகளுக்குத் தையல் கம்பெனியில் மத்தியானத்துக்கு மேல்தான் லீவு கிடைத்தது. ஆகவே மாப்பிள்ளையின் பஸ்ஸில்தான் போக வேண்டும். முன் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாஸ்பத்திரி வந்ததும் மாப்பிள்ளை டிக்கெட் மெஷினால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவான். அவர் இறங்கிக்கொள்வார். மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ள இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஏறினாள். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அக்கரை மொழியில் கேட்டாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தான். அவள் மறுபடியும் கேட்டாள். குரல் உடைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கிழவரால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு வழி தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மாப்பிள்ளை, அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லுங்கள் என்று தம் மொழியில் உரக்கச் சொன்னார்.

சீட்டில் இருந்த டிப்போ மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். "என்ன பூட்டு, பெரியவர் உங்ககிட்ட உரிமையா ஏதோ சொல்றாரு? உங்க ஆளா?"

கண்டக்டரின் வாய் திறந்தது, நம் மொழியில்.

"யாருன்னு தெரியலை."

கிழவர் உட்கார்ந்துகொண்டார். கண்ணாஸ்பத்திரி வந்தது. கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது. அவர் அசையவில்லை. இன்னும் இரண்டு, பலமாக. தவிக்கிற பெண்ணை நடுவழியில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. இறங்குங்கள் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கண் பிழைக்கும். மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியும் பின்னால் போனது. கடைசி நிறுத்தத்தில் ஒரு டீக்கடைக்காரர் கையைக் காட்டியே அவர்களுக்கு வழி சொன்னார். அந்தப் பெண் குழந்தையைக் காட்டி அதற்கு ஊசி போடவைத்த பிறகு, அதைத் தோளில் போட்டபடியே கிழவரைக் கண்ணாஸ்பத்திரி வரை கூட்டிக்கொண்டு போனாள். அதற்குள் டாக்டர் எழுந்து போய்விட்டிருந்தார். நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்கு அந்தக் கண் இருக்குமா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

தட்டுத் தடுமாறி வீட்டுக்கு வந்த கிழவர் மகளிடம் தம் சங்கடம் எதையும் சொல்லவில்லை. பஸ்ஸில் காதில் விழுந்த அந்த இரண்டு வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் காட்டி, இதற்கு என்னம்மா அர்த்தம் என்று மட்டும் கேட்டார். யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று அவள் விசாரித்தாள். பிறகு அர்த்தத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாயங்காலம் கண்டக்டர் வந்தபோது ஜன்னல் விரியத் திறந்திருந்தது. சாத்தப் போனான். மனைவி ஜன்னல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும். திறந்தே பேசுங்க."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவன் மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு மாமனாரின் காலடியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், அவர் மொழியில், மாமா, நான்தான் வந்திருக்கிறேன் என்றான்.

கிழவர் முகத்தைத் திருப்பவில்லை. இந்த ஊர் மொழியில் அவர் பேசிய முதல் பேச்சு, தெருவரைக்கும் கேட்டது.

"யாருன்னு தெரியலை."