நாலாம் நம்பர் காற்று

டாஷ்போர்டுக்கு அடியில் தலையும் கதவுக்கு வெளியே காலுமாக லிஃப்ட் மெக்கானிக் கிடந்த கோலத்தை அவர் கம்பெனி ஆட்கள் பார்த்திருந்தால், மானம் கப்பலேறியிருக்கும். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தக் காரில் ஹீட்டர் ஃபேன் ஓடவில்லை, மதியத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டுக் காரியமில்லை. மறுநாள் காலை அவர் மனைவி முதல்முறையாகத் தனியாகக் காரோட்டிப் புது வேலைக்குப் போகிறாள். கடுங்குளிர். ஹீட்டர் அடிக்காவிட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே நிற்பது லாரியா சுவரா என்று தெரியாது. "நாளைக்கு ஓட்டலேன்னா இனிமே எனக்குத் தைரியமே வராதுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் அண்ணன் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, "நான் எதுக்கு இருக்கேன் மச்சான்? பத்து நிமிஷ வேலை" என்று மார்தட்டியவர் இவர்தான்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று புதிதாக ஒன்று போட்டார். மோட்டாரைக் கழற்றி நேரே பேட்டரியில் கொடுத்தால் ஜம்மென்று சுற்றியது. திரும்ப மாட்டினால் கம்மென்று இருந்தது. சீட்டுக்கு அடியில் உருண்ட ஸ்க்ரூவைத் தேடும்போது, மச்சான்தான் தொலைத்துவிட்டார் என்று இவர் பழி போட்டிருந்த டார்ச் கிடைத்தது. அதைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி டீயோடு வந்தாள்.

"ஓடலையா?"

"ஒண்ணுலயும் ஓடல, ரெண்டுலயும் ஓடல."

"நாலுல வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ரெண்டுக்கு மேலே வைத்தால் மோட்டார் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று, கார் வாங்கிய அன்றே ஃபேன் வேகத்தைக் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டித் தடுத்து வைத்த மேதை அவர்.

"அங்கதான் டேப் இருக்கே?"

"அண்ணனோட ஓட்டிப் பழகறப்ப பிரிச்சுட்டு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள திரும்ப ஒட்டிருவேன். கொஞ்ச நாளாவே நாலுல மட்டும்தாங்க ஓடுது. சொன்னா டேப்பைப் பிரிச்சது தெரிஞ்சுருமேன்னு இருந்துட்டேன். நீங்களும் கேக்கலையே."

கேட்கவில்லைதான். லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால் பெட்டியைத் திறக்குமுன், அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்களிடம் என்ன ஆச்சு, எப்போதிலிருந்து என்று கேட்பார். கேட்காமல் கை வைக்கிற புதுப் பையன்களைக் கிழி கிழியென்று கிழிப்பார். வெட்கமாக இருந்தது. தனக்குப் பயந்து இவள் டேப்பை ஒட்டி ஒட்டி வைத்தாளே என்பது அதைவிட உறுத்தியது.

டேப்பின் ஒரு முனையைத் தூக்கிவிட்டு நாலில் வைத்தார். பேய்க்காற்று அடித்தது. குறைந்த வேகங்களுக்கான ரெசிஸ்டர் போயிருக்கிறது. முழு வேகத்துக்கு அது தேவையில்லை. மதியமே கேட்டிருந்தால் கடைக்குப் போய் வாங்கி மாட்டியிருக்கலாம். இப்போது கடை பூட்டியாகிவிட்டது.

"இந்த லட்சணத்துல வேற யாராவது வேலை பாத்திருந்தா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க" என்றாள். "பரவால்லைங்க, நாலுலயே போறேன்."

காலையில் அவள் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டதும் ஜன்னலோரம் வந்து நின்றார். "சிக்னல் கிட்ட வேகத்தைக் குறைச்சுக்கோ, லாரி பின்னாடி ஒட்டிப் போகாத, அப்புறம்..."

பாதி ஒட்டிக்கொண்டிருந்த டேப்பை அவள் முழுசாகப் பிரித்து உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள். குமிழை நாலுக்குத் திருப்பினாள். அந்த இரைச்சலில் மீதிப் புத்திமதி அவருக்கே கேட்கவில்லை. கண்ணாடி கீழிருந்து மெல்லத் தெளிந்தது.

தெருமுனையில், அவர் சொல்லாமலே, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள்.