பதினொன்றுக்குச் சொன்ன பதில்

மூன்று பேரும் ஒரே வகுப்பில் வேதியியல் படித்தவர்கள். படித்தார்கள் என்பதே கொஞ்சம் தாராளமான பேச்சு. எந்த நாளிலும் இரண்டு பேர் வகுப்பில் இருப்பார்கள், ஒருத்தி கேன்டீனில் இருப்பாள். வருகைப் பதிவில் மட்டும் மூன்று பேருமே இருப்பார்கள். வராதவளுக்குக் குரல் கொடுக்கும் திருப்பணி பெரும்பாலும் மூவரில் இன்றைக்கு டீச்சராக இருப்பவளுடையது. குரலாலேயே குருவி என்று பெயர் வாங்கிய தோழியின் கீச்சுக்குரலை அப்படியே தொண்டையில் வரவழைத்து "பிரசன்ட் சார்" என்பாள். பேராசிரியர் தலை நிமிராமல் டிக் அடிப்பார். அந்தப் புண்ணியவதிதான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தினமும் வருகை எடுக்கிறாள்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, பிள்ளைகளைக் கணவன்மார் தலையில் கட்டிவிட்டு மூவரும் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். வங்கியில் மேனேஜராக இருப்பவள் இங்கேயும் மேனேஜர்தான். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, யார் முதலில் குளிப்பது என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தாள். குருவிக்கு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. எந்த நிறத்தைப் பார்த்தாலும் அதன் எண்ணைச் சொல்வாள். கடலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை எங்ககிட்ட இல்லடி" என்று முதல் நாளே தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

இரண்டாம் நாள் படகில் போனார்கள். மொத்தம் பதினான்கு பேர். படகுக்காரர் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார். முதுகில் பெரிதாக எண் எழுதியிருந்தது. டீச்சருக்குப் பத்து, குருவிக்குப் பதினொன்று, மேனேஜருக்குப் பன்னிரண்டு. ஒவ்வோர் இடத்திலும் நீந்தி முடித்ததும் எஞ்சினைக் கிளப்பும் முன் எண்களை வரிசையாகக் கூப்பிடுவார், பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

மூன்றாவது இடத்தில்தான் பவளப்பாறை இருந்தது. டீச்சர் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் முகம் வைத்தாள். கால் விரல் நீளத்தில் நீல மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அந்த அழகில் சிரித்துத் தொலைத்தாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர். போதும்டா சாமி என்று ஏணியில் ஏறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குருவியும் ஏறி வந்தாள். மூவரில் நீச்சல் ஒழுங்காகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா கீழ முங்கவே முடியலடி" என்று அதைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் எறிந்தாள். ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு படகின் பின்பக்கம் போனாள். பின்பக்கம்தான் கழிவறை இருந்தது. ஏணியும் அங்கேதான். டீச்சர் கழிவறையை நினைத்தாள், ஏணியை நினைக்கவில்லை.

எல்லோரும் ஏறியானதும் படகுக்காரர் பட்டியலை எடுத்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. பதில் இல்லை.

"பதினொண்ணு?"

டீச்சருக்கு யோசிக்கவே நேரம் வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. "பிரசன்ட் சார்!" அச்சு அசல் குருவியின் குரல்.

படகே சிரித்தது. படகுக்காரரும் சிரித்துக்கொண்டே டிக் அடித்தார். "அடிப்பாவி, இன்னும் மறக்கலையாடி நீ!" என்று மேனேஜர் அவள் தொடையில் ஓங்கி அடித்தாள். எஞ்சின் கிளம்பியது. தொழில் மறக்கவில்லை என்பதில் டீச்சருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்து நிமிஷம் போயிருக்கும். கழிவறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர்.

டீச்சர் எழுந்து ஓடிப்போய் உள்ளே பார்த்தாள். படகின் முன்னால் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் பதினொன்று என்ற எண் மட்டும் ஈரத்தோடு கிடந்தது.

"நிறுத்துங்க! ஐயோ, படகை நிறுத்துங்க!"

படகுக்காரருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. "இருக்கேன்னு குரல் வந்துச்சே மேடம்?"

"அது நான்தான். அவளுக்காகச் சொன்னேன்."

"இல்லாத ஆளை எதுக்கு மேடம் இருக்காங்கன்னு சொன்னீங்க?"

கல்லூரி, கேன்டீன், பேராசிரியர் என்று அந்த மனிதரிடம் எதைச் சொல்வது?

படகு திரும்பியது. பாறை இருந்த இடம் என்று அவர் நிறுத்திய இடத்தில் தண்ணீர் இருந்தது. அதற்கு அப்பாலும் தண்ணீர்தான் இருந்தது. நீரோட்டம் மாறிவிட்டது, எந்தப் பக்கம் இழுத்ததோ தெரியவில்லை என்றார். ரேடியோவில் யாரையெல்லாமோ கூப்பிட்டார். எல்லோரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஒவ்வொரு அலையும் ஒரு தலை மாதிரித் தெரிந்து, அலையாகவே போயிற்று. டீச்சர் குருவியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். அதைத் தவிர அவளால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை. நீந்தவும் தெரியாது, படகு ஓட்டவும் தெரியாது. குரல் மாற்றத்தான் தெரியும்.

குருவியின் பைக்குள் போன் அடித்தது. டீச்சர் எடுத்துப் பார்த்தாள். குருவியின் வீட்டுக்காரர்.

"எடுக்காத. என்னன்னு சொல்லுவ?" என்றாள் மேனேஜர். அவள் குரலும் அவளுடையதாக இல்லை.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான்காம் முறை நின்றபோது ஒரு செய்தி வந்தது. 'பொண்ணு உன்கிட்டப் பேசணுமாம். கரைக்கு வந்ததும் கூப்பிடு.' டீச்சர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பொத்தினாள். எனக்கு ஏதாவது ஆகட்டும், அவளுக்கு ஆகக்கூடாது என்று யாரிடம் என்று இல்லாமல் வேண்டிக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம். அதன்பிறகு ரேடியோ கரகரத்தது. மீன்பிடிப் படகு ஒன்று, தலைகாட்டி நின்ற பாறையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணை ஏற்றியிருக்கிறது. உயிர் இருக்கிறது.

அந்தப் படகிலிருந்து குருவியைக் கைத்தாங்கலாக இந்தப் படகுக்கு மாற்றினார்கள். துண்டைச் சுற்றி உட்காரவைத்தார்கள். உதடு கறுத்திருந்தது. பவளம் கிழித்த பாதங்களிலிருந்து இரத்தம் வடிந்தது. மேனேஜர் அவளைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள். டீச்சர் கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுடி. நீ கழிவறைல இருக்கன்னு நெனச்சிட்டேன்."

குருவி பேசியபோது குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"படகுக்குப் பின்னாடிதான் இருந்தேன். இருபது அடி இருக்கும். என் நம்பரைக் கூப்பிட்டது கேட்டுச்சு. கத்தலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

"குருவி..."

"அதான் அப்போ கத்தல, எஞ்சின் கிளம்பினப்புறம் கத்தினது யாருக்கும் கேக்கல. நான் உள்ள இல்லன்னு தெரிஞ்சுதானே எனக்காகச் சொல்ற? எப்படியும் நிறுத்தி வைப்பன்னு நெனச்சேன். அவசரமே படாம நீந்தி வந்தேன்டி."

டீச்சர் அவள் காலை விடவில்லை. குருவிதான் மெதுவாக இழுத்துக்கொண்டாள்.